மேற்கே மின்னுதா? பைக்கை ஓரங்கட்டுங்க... பஜ்ஜி சாப்பிடுங்க!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் டீக்கடை வைத்திருப்பவர்களுக்கு வானிலை அறிக்கை பார்க்கத் தனியாக ஆப் தேவையில்லை. வாலாஜாபாத், காஞ்சிபுரம் பக்கம் வானம் கறுத்து, ஒரு மின்னல் வெட்டினால் போதும். கடலை மாவைக் கரைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்த அரை மணி நேரத்தில் மழை வரும். மழையோடு சேர்ந்து, ஷிஃப்ட் முடிந்த கூட்டமும் வரும்.

கார், பைக், லாரி, டயர், செல்போன் என்று எல்லாம் தயாராகும் இந்தப் பகுதியில் மழைக்கும் ரேஸுக்கும் பஜ்ஜிக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. பத்திரமாக வீடு போய்ச் சேர்வதற்கும் அதற்கும்கூட!

சாயங்கால மழையின் ரகசியம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளாவை நனைக்கும் தென்மேற்குக் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும்போது ஈரத்தை இழந்து, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் வருகிறது. அதனால்தான் பகலில் அனல் பறக்கும். மதியத்துக்கு மேல் வங்காள விரிகுடாவிலிருந்து ஈரமான கடற்காற்று உள்ளே நுழைகிறது. இரண்டும் மோதும் இடத்தில் சூடான காற்று வேகமாக மேலே எழும்பி, இடிமேகமாகத் திரள்கிறது. காஞ்சிபுரம், வேலூர் பக்கம் உருவாகும் இந்த மேகங்கள் மேலே வீசும் மேற்குக் காற்றோடு சென்னையை நோக்கி நகர்கின்றன. வழியில் இருப்பது ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும்தான்.

இந்த மழை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் வேகம் குறைந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை வேறு ரகம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைக் கொடுப்பது அதுதான். 2015 டிசம்பர் 1-ம் தேதியையொட்டிய 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் மட்டும் சுமார் 47 செ.மீ. கொட்டியது. சாலையும் ஆலையும் தண்ணீரில் நிற்க, இந்தப் பகுதியின் வாகன ஆலைகள் சில நாள்கள் உற்பத்தியையே நிறுத்தின. அந்த மழையைக் கடையோரம் நின்று சமாளிக்க முடியாது. சாயங்கால இடிமழையைச் சமாளிக்கலாம். காத்திருந்தால் போதும்.

கார் செய்யும் முன்பே கார் ஓட்டிய ஊர்

இங்கே கார் தொழிற்சாலை முதலில் வந்ததா, கார் ரேஸ் முதலில் வந்ததா? பலரும் தொழிற்சாலை என்றுதான் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-ல். ஆனால், அதே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் 1990-லேயே வந்துவிட்டது.

அதற்கு முன் சென்னைவாசிகளுக்கு ரேஸ் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்களும் பைக்குகளும் சீறும். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பிறகு பந்தயத்துக்கென்றே ஒரு நிரந்தரப் பாதையை இங்கே அமைத்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ.

ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். அவர் தன் முதல் ரேஸை ஓட்டியது இந்த ஸ்ரீபெரும்புதூர் மண்ணில்தான். கோவையின் கரிவரதன் வடிவமைத்த, மாருதி இன்ஜின் பொருத்திய ஃபார்முலா மாருதி கார். முதல் ரேஸிலேயே முதல் மூன்று பேரில் ஒருவராக மேடை ஏறினார் நரேன். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்து, அந்த ஆண்டே அமெரிக்க கிராண்ட் ப்ரீயில் நான்காவதாக வந்து புள்ளிகளும் எடுத்தார்.

பெருமை மட்டுமே இந்தப் பாதையின் கதை அல்ல. 2023-ல் மட்டும் இரண்டு வீரர்கள் இங்கே விபத்தில் உயிரிழந்தார்கள். ஒருவர் அனுபவசாலி. இன்னொருவர் 13 வயதுச் சிறுவன். ஹெல்மெட், பாதுகாப்பு உடை, பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் என எல்லாம் இருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், இவை எதுவும் இல்லாத சாலையில் எவ்வளவு கவனம் வேண்டும்?

ரேஸரிடம் இரண்டு டயர்... நம்மிடம்?

உலர்ந்த டிராக்கில் ரேஸ் கார்கள் வரிப்பள்ளமே இல்லாத வழுவழு டயரில் ஓடும். மழை வந்துவிட்டால் உடனே உள்ளே வந்து, பள்ளங்கள் உள்ள மழை டயருக்கு மாறிவிடுவார்கள். டயருக்கும் தரைக்கும் நடுவே சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் அந்தப் பள்ளங்களின் வேலை. ஃபார்முலா ஒன் மழை டயர் ஒன்று, 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் வரை தண்ணீரைத் தள்ளும் என்கிறது, அதைத் தயாரிக்கும் பைரெல்லி நிறுவனம்.

பள்ளம் இல்லையென்றால்? தண்ணீர் வெளியேற வழியில்லாமல், டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் ஹேண்டில் பாரும் கேட்காது, பிரேக்கும் பிடிக்காது.

ஷிஃப்ட் முடிந்து சிங்கப்பெருமாள் கோவில் சாலையிலோ, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலோ வீடு திரும்புபவரிடம் மாற்று டயர் கிடையாது. இருப்பது ஒரே செட். அது தேய்ந்துபோய் ரேஸ் டயர் மாதிரி வழுவழுவென்று ஆகியிருந்தால் ஆபத்து. டூவீலர் டயரின் பள்ளம் குறைந்தது 0.8 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. காருக்கு 1.6 மி.மீ. அளக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பள்ளத்துக்குள் சிறு மேடு மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மழையின் முதல் பத்து, பதினைந்து நிமிடம்தான் இன்னும் மோசம். கன்டெய்னர் லாரிகள் சிந்திய எண்ணெயும் தூசியும் தண்ணீரில் குழைந்து, சாலை வழுக்கும். ஆகவே, ரேஸர் உள்ளே வந்து டயர் மாற்றுகிறார் என்றால், நாம் ஓரங்கட்டி டீ குடிக்க வேண்டும். மரத்தடி வேண்டாம், இடி விழும் அபாயம் உண்டு. மேம்பாலத்தின் அடியில் சாலையை அடைத்து நிற்பதும் வேண்டாம். கடைக்குள் போய்விடுங்கள்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு தட்டு

அங்கேதான் வாழைக்காய் பஜ்ஜியும் மிளகாய் பஜ்ஜியும் மசால் வடையும் காத்திருக்கின்றன. வட மாநிலத் தொழிலாளர்கள் பெருகிய பிறகு, சமோசாவும் பானிபூரியும் பக்கத்திலேயே கடை போட்டிருக்கின்றன. ஈரக் காற்றில் பஜ்ஜி சீக்கிரம் நமத்துவிடும் என்பதால் சுடச்சுடச் சாப்பிட்டால்தான் ருசி. பழைய பேப்பரில் வைத்துக் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அச்சு மை உணவில் கலக்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. வாழை இலைத் துண்டு போதும்.

ஆனால், பஜ்ஜி பசியாற்றாது. இந்தப் பகுதியில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்குபவர்கள். சாப்பாடு இங்கே சின்ன விஷயம் இல்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் 150-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போக, மற்றவர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. கூரை கிடைத்துவிட்டது. அம்மா சமையல்?

ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வர...

அதற்குப் பக்கத்து ஊரிலேயே விடை இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கப்படும் கோயில் இட்லி. ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜர் தினமும் சாலைக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து தொண்டு செய்ததாகச் சொல்லப்படுவதும் இந்தப் பெருமாளுக்குத்தான். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகவைப்பதால் இது குடலை இட்லி. மிளகும் சீரகமும் சுக்கும் மழைக்காலத்துக்கு இதம். சட்னி, சாம்பார் தேவையில்லை என்பதால் பயணத்துக்கு வசதி.

வீட்டில் செய்ய, பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் தலா ஒரு கப். நான்கு மணி நேரம் ஊறவைத்து, ரவை பதத்தில் கொரகொரப்பாக அரைத்து, உப்பு சேர்த்து இரவு முழுக்கப் புளிக்க விடுங்கள். மறுநாள் ஒன்றிரண்டாக இடித்த மிளகு, சீரகம் தலா ஒன்றரை ஸ்பூன், சுக்குப் பொடி அரை ஸ்பூன், பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றை இரண்டு ஸ்பூன் நெய்யில் பொரித்து மாவில் கலக்குங்கள். டம்ளர்களில் எண்ணெய் தடவி, முக்கால் பாகம் மாவு ஊற்றி, 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. ஆறியதும் டம்ளரிலிருந்து எடுத்து, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடி தடவிக் கட்டிக்கொடுக்கலாம்.

வீட்டில் இட்லி ஆறினால் மறுபடி சூடு பண்ணிக்கொள்ளலாம். அரை மணி நேரம் தாமதமாகப் போனால் அம்மா திட்டுவார், அவ்வளவுதான். மழை விட்டதும் கிளம்புங்கள்.