குதிகாலில் கிளம்பும் குத்து

திருத்தணி மலைக்குப் படியேறிப் போனவர்களுக்குத் தெரியும். மொத்தம் 365 படி, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. ஒரு விடியற்காலையில் நானும் ஏறினேன். நூறு படி தாண்டியதுமே மூச்சு வாங்க, ஓரமாக நின்றுவிட்டேன். கீழேயிருந்து ஒரு பையன் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். பதினாறு வயசு இருக்கலாம். கழுத்தில் துண்டு, காலில் நைந்துபோன ஷூ. என்னைத் தாண்டி மேலே போனவன், நான் இன்னும் ஐம்பது படி ஏறுவதற்குள் திரும்பி இறங்கினான். மறுபடி ஏறினான். மொட்டை போட்ட பேத்தியோடு எதிரே இறங்கிய ஒரு பாட்டி, "மெல்லகா பாபு, மெல்லகா!" என்று தெலுங்கில் அதட்டினார். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்தான். இந்தப் படிகளில் இரண்டு மொழியும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

மேலே ஒரு நிழலில் நின்று அவன் காற்றில் குத்த ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

"பாக்சிங்கா தம்பி?"

"ஆமா சார்."

"குத்துறதுக்குக் கைதானே வேணும்? காலைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துற?"

"கையில இன்னா சார் இருக்கு? எல்லாம் கால்லதான்னு மாஸ்டர் சொல்லுவாரு."

மாஸ்டர் சொன்னது சரிதானா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று வேண்டும். சுவருக்குப் பக்கத்தில் அதில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, சுவரைக் கையால் தள்ளுங்கள். சுவர் அசையாது, நீங்கள்தான் பின்னால் உருண்டு போவீர்கள். இப்போது கால்களைத் தரையில் அழுத்தி ஊன்றித் தள்ளுங்கள். அசைய மாட்டீர்கள். நீங்கள் சுவரைத் தள்ளும்போது சுவரும் உங்களை அதே அளவு திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த எதிர்த்தள்ளலைத் தாங்கிக்கொள்ளத் தரை வேண்டும். தரையைப் பிடித்துக்கொள்ளக் கால் வேண்டும்.

குத்திலும் இதேதான் நடக்கிறது. பின்கால் குதிகால் எழும்பித் திரும்புகிறது. முட்டி நிமிர்கிறது. இடுப்பு சுழல்கிறது. இடுப்பைத் தொடர்ந்து தோள், தோளைத் தொடர்ந்து முழங்கை, எல்லாவற்றுக்கும் கடைசியாக முஷ்டி. சாட்டையைச் சொடுக்கும்போது பிடியில் மெதுவாகக் கிளம்பும் அசைவு நுனிக்குப் போகப் போக வேகமெடுக்கிறதே, அந்த மாதிரி. வெறும் கையை மட்டும் நீட்டினால் அது குத்தல்ல, தள்ளு.

இந்தச் சாட்டை எவ்வளவு வேகம்? பிரிட்டனின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் ஃபிராங்க் புருனோவை ஒருமுறை ஆய்வகத்தில் குத்த வைத்து அளந்தார்கள். 1985-ல் முடிவு வெளியானது. அவருடைய முஷ்டி அரை மீட்டர் தூரத்தைச் சுமார் பத்தில் ஒரு விநாடியில் கடந்தது. இலக்கைத் தொட்டபோது வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். சைக்கிளை வெறிபிடித்தாற்போல் மிதித்தால் வரும் வேகம்தான். ஆனால் விசை 4,096 நியூட்டன்! 400 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு பொருள் ஒரு கணம் மேலே உட்கார்ந்து எழுந்ததற்குச் சமம்.

பையனுக்குப் பிடித்த வீரர் யார் என்று கேட்டேன். 'சார்பட்டா பரம்பரை' படத்து நாயகனைச் சொல்வான் என்று நினைத்தேன். வடசென்னையில் அந்தக் குத்துச்சண்டைப் பரம்பரைகள் நிஜமாகவே மோதிக்கொண்ட காலம் உண்டு, சினிமாவுக்காகக் கட்டிய கதையில்லை. அந்தச் சென்னையிலிருந்துதான் குத்துச்சண்டை வீரர் தேவராஜன் கிளம்பிப் போய் 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். 2019-ல் வீராங்கனை கலைவாணி காட்மாண்டு தெற்காசிய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். பையன் சொன்னதோ "நிஷாந்த் தேவ், சார்."

நல்ல தேர்வு. அரியானாவின் கர்னாலில் 2000 டிசம்பரில் பிறந்தவர். பத்து வயசு நிரம்பாதபோது படிக்கட்டில் விழுந்து வலது தோள் பிசகி, உள்ளே கம்பி வைக்கவேண்டி வந்தது. (படியில் தாவுகிறவர்கள் கவனிக்க!) அதே தோளோடு குத்துச்சண்டைக்கு வந்தார். 2022-ல் கம்பி வைத்த இடத்தில் கிருமி தாக்கி மீண்டும் அறுவை சிகிச்சை. அதற்கு அடுத்த வருஷமே தாஷ்கண்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் 71 கிலோ பிரிவில் வெண்கலம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காலிறுதியில் மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் தோற்றார். முதல் சுற்றில் முன்னால் இருந்தவர் கடைசிச் சுற்றில் தளர்ந்துபோனார். பிறகு தொழில்முறைக்கு மாறி, 2025 ஜனவரி 25 அன்று லாஸ் வேகாஸில் முதல் சண்டை. எதிராளி அமெரிக்காவின் ஆல்டன் விக்கின்ஸ். முதல் சுற்று முடிவதற்குள் நடுவர் சண்டையை நிறுத்தி இவர் வென்றதாக அறிவித்துவிட்டார்.

ஒலிம்பிக் குத்துச்சண்டையும் தொழில்முறைக் குத்துச்சண்டையும் ஒன்றுதானே என்று நினைக்கலாம். வளையம் ஒன்றுதான், உடம்புக்குக் கணக்கு வேறு. ஒலிம்பிக்கில் மூன்று நிமிஷச் சுற்று மூன்று, ஆக ஒன்பது நிமிஷம். தொழில்முறையில் புதுசாக வருபவருக்கு நான்கு அல்லது ஆறு சுற்று. உலகப் பட்டத்துக்கு மோதும் நாளில் பன்னிரண்டு. அதாவது 36 நிமிஷம். தசைக்குள் உடனடியாக எரியத் தயாராக இருக்கும் எரிபொருள் பத்து விநாடிக்குத்தான் காணும். அது தீர்ந்ததும் சர்க்கரையை ஆக்சிஜன் இல்லாமல் அவசரமாக எரிக்கும் வழி. அதிலும் ஓரிரு நிமிஷத்தில் கை கனத்துவிடும். அதற்கு மேல் ஓட வேண்டுமானால் மூச்சும் இதயமும் கொண்டுவந்து சேர்க்கும் ஆக்சிஜன்தான் கதி. ஒன்பது நிமிஷத்துக்குப் பழகிய எஞ்சினை 36 நிமிஷத்துக்கு மாற்றிக் கட்ட வருஷங்கள் ஆகும். அதனால்தான் விடியற்காலை ஓட்டம், ஸ்கிப்பிங், படி.

படி என்றதும் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தோம், பையனும் நானும். ஒரு படி 15 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் 365 படி கிட்டத்தட்ட 55 மீட்டர். அவன் எடை 50 கிலோ. அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்கச் சுமார் 27,000 ஜூல் வேலை. உணவுக் கணக்கில் வெறும் ஆறரைக் கலோரி. ஆனால் தசை ஒரு ஊதாரி எஞ்சின். நான்கு பங்கு எரித்தால் ஒரு பங்குதான் வேலையாகும், மீதி மூன்று பங்கும் சூடாகப் போய்விடும். ஆகவே 26 கலோரி எரிக்க வேண்டும்.

"எவ்ளோ சாப்பிட்டா வரும் சார் அது?"

"அரை இட்லி."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

அந்த மூன்று பங்கு சூடு எங்கே போகிறது என்பது திருத்தணிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்திரி வெயில் நாட்களில் தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவான ஊர் என்று செய்தியில் அடிக்கடி அடிபடும் பெயர் இது. தோலில் ஒரு கிராம் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகும். ஒருமுறை மலையேறிய சூட்டை வெளியேற்ற 34 மில்லி வியர்வை போதும். இருமல் மருந்து மூடியில் மூன்று மூடிக்குக் கொஞ்சம் கூட. ஆனால் அது ஆவியாக வேண்டும். தரையில் சொட்டிய வியர்வை சூட்டைக் குறைக்காது.

வியர்வைக்கு இந்த விளையாட்டில் இன்னொரு வேலையும் உண்டு. ஒரு லிட்டர் வியர்த்தால் ஒரு கிலோ குறையும். 71 கிலோவில் ஆடிய நிஷாந்த் தொழில்முறையில் இறங்கிய பிரிவின் எல்லை 154 பவுண்டு, அதாவது 69.85 கிலோ. எடை பார்ப்பது சண்டைக்கு முந்தின நாள். அதற்காகப் பலர் தண்ணீர் குடிக்காமல், போர்த்திக்கொண்டு ஓடி எடையைக் குறைக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். ரத்தம் கெட்டிப்பட்டு, இதயம் திணறி, உயிரே போன சம்பவங்கள் உண்டு. பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் வெறும் 100 கிராம் கூடிப்போனதால் இறுதிப் போட்டியையே இழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தராசுக்குக் கருணை கிடையாது.

தொழில்முறைக்குப் போனால் கிளவுஸும் மாறுகிறது. ஒலிம்பிக்கில் நிஷாந்தின் எடைக்கு 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம். தொழில்முறையில் 10 அவுன்ஸ், 283 கிராம். பஞ்சு குறைந்தால் என்ன? கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறோமே, எதற்கு? பந்து நிற்க எடுக்கும் நேரத்தைக் கூட்டினால் விசை குறையும். கிளவுஸில் உள்ள பஞ்சும் அதையே செய்கிறது. பஞ்சு மெலிந்தால் நேரம் குறைகிறது, அடி உறைக்கிறது.

ஆனால் கிளவுஸ் முதலில் காப்பாற்றுவது குத்துகிறவரின் கையை. ஒரு கையில் 27 எலும்பு. வெறும் கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் உடைவது பெரும்பாலும் கைதான். தலைக்குள் நடப்பதைக் கிளவுஸோ தலைக்கவசமோ தடுத்துவிடாது. தயிர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்து சட்டென்று நில்லுங்கள். சட்டி நிற்கும், தயிர் நிற்காது. மூளையும் அப்படித்தான், திரவத்தில் மிதக்கும் ஒன்றரைக் கிலோ தயிர். பக்கவாட்டில் விழும் குத்து தலையைத் திருகும்போது மூளை பிந்திச் சுழல்கிறது, நரம்பிழைகள் இழுபடுகின்றன. குத்து வாங்கி வாங்கித் தடுமாறும் வீரர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் மார்ட்லேண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். ஆகவே உங்களில் யாருக்காவது ஆசை இருந்தால் பேக்கில் குத்துங்கள், படியில் ஓடுங்கள். தலையில் குத்தி விளையாடுவது மட்டும் வேண்டாம்.

இன்னொரு புதிர் பாக்கி. குத்து வந்து சேரப் பத்தில் ஒரு விநாடி. கண்ணால் பார்த்து, மூளைக்குச் செய்தி போய், உடம்பு அசைய நமக்குச் சுமார் பத்தில் இரண்டு விநாடி ஆகும். கணக்குப்படி எல்லாக் குத்தும் விழ வேண்டும். ஆனாலும் விலகுகிறார்களே!

"கையைப் பார்க்கக் கூடாது சார். தோளைப் பாக்கணும், இடுப்பைப் பாக்கணும்" என்றான் பையன். சாட்டை கீழேயிருந்து கிளம்புகிறது அல்லவா? நல்ல வீரர் முஷ்டி புறப்படும் முன்பே, எதிராளியின் இடுப்புத் திருப்பத்திலேயே குத்தைப் படித்துவிடுகிறார்.

என் பையில் ஒரு அடி ஸ்கேல் இருந்தது. அவன் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பூஜ்யம் வரும்படி தொங்கவிட்டு, சொல்லாமல் விட்டேன். 16 சென்டிமீட்டரில் பிடித்தான். ஸ்கேல் அவ்வளவு தூரம் விழ எடுக்கும் நேரம் 0.18 விநாடி. நீங்கள் செய்யும்போது 20-ல் பிடித்தால் 0.20 விநாடி, 25-ல் என்றால் 0.23. அடுத்து அவன் எனக்காக ஸ்கேலைத் தொங்கவிட்டான். அவன் விரல்களையே உற்றுப் பார்த்தேன். ஸ்கேல் படியில் விழுந்து மூன்று படி தாண்டி உருண்டது.

ஏறுவதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு சுலபமாக இறங்கி வந்தேன். மறுநாள் காலை தொடை இரண்டும் கல்லாகக் கிடந்தன. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. நீளும்போதுதான் அதன் இழைகள் நுணுக்கமாகக் கிழிபடுகின்றன. அந்த வலி ஒரு நாள் கழித்துத்தான் வரும். அன்று அந்தப் பையன் அதே படிகளில் ஐந்து முறை இறங்கியிருந்தான்.