சேய்மைக் கோப்பெழுத்தும் பாடங்காத்தலும்

பண்டை ஏடுகளைப் படியெடுத்தோர் தத்தம் படியினைத் தனி ஏடாகவே எழுதிவைத்தனர். அதனால் பிழைகள் பெருகினும் பாடவேறுபாடுகள் ஒருங்கே அழிந்தொழியவில்லை. 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பதிப்பித்தற்கு இயன்றதும் இதனாலேயாம். இக்காலத்திலோ பதிப்பாசிரியர் பலர் தத்தம் ஊரில் இருந்தவாறே ஒரே கோப்பினுள் எழுதுகின்றனர். அங்ஙனம் எழுதுங்கால் பாடம் அழியுமாற்றையும் அதனைக் காக்குமாற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

இத்தகைய கோப்பு நம் கணிப்பொறியில் இல்லை. தொலைவிலுள்ள வழங்கியில் இருக்கின்றது. நாம் எழுதியதை உலாவி ஒரு வேண்டுகோளாக அதற்கு விடுக்கின்றது. விடை வருமளவும் எழுதுவோரைத் தடுத்து நிறுத்தாது, பின்னணியில் நிகழும் இம்முறை 'ஒத்திசையா வேண்டுகோள்' எனப்படும். இதற்குரிய கருவி 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஐந்தாம் பதிப்பில் வெளிவந்தது. 2005-இல் இம்முறைக்கு 'அஜாக்ஸ்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. உலாவியிலேயே ஆவணம் எழுதும் 'சோகோ ரைட்டர்' தோன்றியதும் அவ்வாண்டிலேயே. அதனை ஆக்கிய நிறுவனம் 2011-இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நிறுவியது. ஆகலின், இலத்தூரில் இருந்து இதனை எழுதும் எமக்கு இப்பொருள் அயலானதன்று.

இம்முறையில் நேரும் இடர் இரண்டு. முதலாவது, விடுத்த முறையும் சென்றுசேரும் முறையும் ஒன்றாகாமை. ஒருவரே அடுத்தடுத்து விடுத்த இரண்டு வேண்டுகோள்களுள் முந்தியது பிந்திச் சேருமாயின், பழைய வடிவம் புதியதன்மேல் எழுதப்பட்டுவிடும். முந்தியதற்கு விடை பெற்ற பின்னரே அடுத்ததனை விடுத்தல் இதற்குத் தீர்வாம். காத்திராது எழுதுதல் வேறு; விடையே வேண்டாமை வேறு. விடை வாராத திருத்தத்தைச் 'சேமிக்கப்பட்டது' எனக் கொள்ளுதல் தவறு.

இரண்டாவது இடர் இதனினும் கொடிது. இலத்தூரில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் கோப்பின் ஒரே நிலையைப் பெற்றனர் என்று கொள்க. முன்னவர் 'வலி' என்றிருந்ததனை 'வளி' எனத் திருத்திச் சேமித்தார். அதனை அறியாத பின்னவர் வேறோரிடத்தைத் திருத்தி, முழுக் கோப்பையும் விடுத்தார். இப்பொழுது 'வளி' மறைந்து 'வலி' மீண்டது. இருவரும் பிழை செய்திலர், எச்சரிக்கையும் எழவில்லை. ஏடு செல்லரித்தால் துளையேனும் காணப்படும். இவ்வழிவுக்கோ சுவடே இல்லை.

இதனைத் தடுக்கும் நெறி 1997-இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே அமைந்துள்ளது. வழங்கி கோப்பைத் தருங்கால், அதன் அப்போதைய நிலைக்குரிய 'ஈ-டேக்' என்னும் குறியையும் உடன் தரும். எழுதுவோர் திருத்தத்தை விடுக்குங்கால் அக்குறியை 'இஃப்-மேட்ச்' என்னும் தலைப்பில் இட்டு அனுப்புதல் வேண்டும். இடையில் பிறர் திருத்தியிருப்பின் குறிகள் ஒவ்வா. வழங்கி எழுத மறுத்து, 412 என்னும் எண்ணை விடையாகத் தரும். குறியை ஒப்பிடுதலும் எழுதுதலும் வழங்கியில் பிரிவின்றி ஒரே செயலாக நிகழ்தல் வேண்டும். இன்றேல் இரண்டிற்கும் இடையே பிறிதொரு திருத்தம் புகுந்துவிடும்.

மறுக்கப்பட்டவர் செய்யத்தக்கது யாது? தாம் தொடங்கிய நிலை, தம் திருத்தம், இப்போதைய நிலை ஆகிய மூன்றனையும் ஒப்புநோக்கி இணைத்தலேயாம். இது பதிப்பாசிரியர் நெடுங்காலம் பயின்ற தொழிலே. தமிழ் விக்கிமூலத்தில் இருவர் திருத்தம் மோதுமாயின், இயன்றவிடத்து மென்பொருள் தானே இணைக்கும். இயலாவிடத்து முரணைக் காட்டித் தீர்ப்பை மாந்தரிடமே விடும். முந்தைய நிலைகளும் வரலாற்றில் பேணப்படும்.

ஆதலின் கூட்டுப்பதிப்பில் ஈடுபடும் ஆய்வாளர், 'இத்திருத்தம் எந்நிலையின்மேல் எழுந்தது?' என்னும் வினாவை விடுத்தல் ஆகாது. மூலஏடு யாதென வினவாது பாடத்தை ஏலாத நாம், கோப்பின் நிலைக்குறியை வினவாது திருத்தத்தை ஏற்பது பொருந்தாது என்க.