பேசும் காரும் வற்றிய ஆறும்

கார்ட்டூன் என்றாலே எனக்கு அலர்ஜி. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கூடத்திலிருந்து ‘டமால் டுமீல்’ என்று சத்தம் வந்தால் எந்த அம்மாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அப்படிப்பட்ட நான் ஒரு கார்ட்டூன் தொடரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், காரணம் என் சின்ன மகன்தான்.

2024-ம் வருஷம் மே 31-ந் தேதி. வெயில் கொடுமையால் பள்ளிக்கூடம் திறப்பது தள்ளிப்போயிருந்தது. எங்கள் நாட்றம்பள்ளி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? மத்தியானம் வாசலில் கால் வைக்க முடியாது. அன்றைக்குத்தான் அமேசான் பிரைமில் ‘புஜ்ஜி அண்ட் பைரவா’ என்ற தொடரின் முதல் இரண்டு பாகங்கள் வந்தன. “அம்மா, நீயும் வாம்மா, ஒரே ஒரு தடவை!” என்று முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டான். தெலுங்கிலேயே பார்த்தோம். ஆந்திர எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்களுக்கு அது ஒரு கஷ்டமில்லை.

பின்னால் வந்த ‘கல்கி 2898 ஏடி’ என்ற பெரிய சினிமாவுக்கு இது முன்கதை. டைரக்டர் நாக் அஸ்வினின் கற்பனை. படம் வரைந்தவர்கள் நம் குழந்தைகளுக்குப் பழக்கமான ‘சோட்டா பீம்’ கம்பெனியார். கதை நடக்கும் இடம் காசி. ஆனால் நாம் கங்கா ஸ்நானம் செய்யும் காசி இல்லை. இன்னும் எண்ணூறு சொச்சம் வருஷம் கழித்து, உலகத்தில் மிஞ்சியிருக்கும் கடைசி நகரம்! கங்கை வற்றிவிட்டது. எங்கே பார்த்தாலும் புழுதி. ஊருக்கு மேலே ஆகாசத்தில், தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம் போல ‘காம்ப்ளெக்ஸ்’ நிற்கிறது. தண்ணீர், பச்சைப்பசேல் மரம் எல்லாம் அங்கேதான். கீழே இருப்பவர்கள் உள்ளே நுழைய வேண்டுமானால் பத்து லட்சம் ‘யூனிட்’ கட்ட வேண்டும். யூனிட் என்றால் அந்தக் காலத்துப் பணம்.

பைரவா கூலிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். எப்படியாவது பணம் சேர்த்து மேலே போய்விட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. புஜ்ஜி, உடம்பில்லாமல் மூளை மட்டும் உள்ள ஒரு யந்திரம். இவளுக்கு ஒரு உடம்பு வேண்டும். அவனுக்கு ஒரு துணை வேண்டும். இரண்டு பேரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் தொடர்.

தெலுங்கில் ‘புஜ்ஜி’ என்றால் கொஞ்சிக் கூப்பிடும் பெயர். நாமும் கைக்குழந்தையைப் ‘புஜ்ஜிம்மா’ என்கிறோமே, அதேதான். குரல் கொடுத்திருப்பவர் கீர்த்தி சுரேஷ், நம் நடிகை மேனகாவின் மகள். அந்த யந்திரம் கோபித்துக்கொள்வதும், பைரவாவின் சோம்பேறித்தனத்தைக் குத்திக் காட்டுவதும் நம் வீட்டுச் சண்டை மாதிரியே இருந்தது. நான் சிரித்ததைப் பார்த்து பையனுக்கே ஆச்சரியம்!

இன்னொரு விஷயம் கேட்டால் உங்களுக்கும் பெருமையாக இருக்கும். சினிமாவுக்காகப் புஜ்ஜியை நிஜமாகவே ஒரு காராகச் செய்தார்கள். மகேந்திரா கம்பெனியோடு சேர்ந்து அதை உருவாக்கியது நம் கோயமுத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். எடை 6 டன். முன்னால் இரண்டு ராட்சதச் சக்கரம், பின்னால் பந்து போல ஒரே ஒரு சக்கரம்! 2024 மே 22-ந் தேதி ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் பிரபாஸ் அதை ஓட்டியே காட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. ருசி தட்டும் நேரத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது. சண்டைச் சத்தம் காதைப் பிளக்கிறது. காசுக்காக யாரை வேண்டுமானாலும் பிடித்துக் கொடுப்பவனைக் கதாநாயகன் என்று சொன்னது எனக்குப் பிடிக்கவேயில்லை.

அதைப் பையனிடம் சொன்னேன். அவன் கேட்டான், “அது போகட்டும்மா. மேலே இருக்கிறவங்க எல்லாத் தண்ணியையும் உறிஞ்சிக்கிட்டாங்களே, கீழே இருக்கிறவங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?”

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நம் பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திராவைக் கடந்து, வாணியம்பாடி பக்கம் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. மழைக்காலத்தில் நாலு நாள் தண்ணீர் ஓடினால் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம்! மிச்ச நாளெல்லாம் மணல்தான், அதுவும் பல இடத்தில் இல்லை. தோல் பதனிடும் உப்பும் குரோமியமும் கலந்து கிணறுகள் கெட்டுப்போன கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுத்திகரிக்காமல் கழிவை விடக் கூடாது, கெடுத்தவரே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் மறுபடி பாலாற்றுக்காகவே ஒரு தீர்ப்பு வந்தது. ஆனால் எங்கள் வீட்டில் உலை கொதிப்பதும் தோலால்தான். என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். பையனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

ராத்திரி சாப்பிடும்போது அவன் விடாமல் அப்பாவிடமும் கேட்டான். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கம்பெனி இல்லேன்னா சோறு இல்ல. ஆறு இல்லேன்னா தண்ணி இல்ல. சுத்தம் பண்ற மிஷினை முழுசா ஓட்டுனா ரெண்டுமே இருக்கும்டா. செலவைப் பார்த்து ஏமாத்தும்போதுதான் கெட்டுப்போவுது. நாங்களும் பார்த்துக்கினு சும்மாத்தான் இருந்தோம்” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் மாமியார், “நான் கல்யாணமாகி வந்தப்போ ஆத்து மணல்ல கையால ஊத்துத் தோண்டி, துணியில வடிகட்டிக் குடிப்போம். இளநீராட்டம் இருக்கும்” என்றார். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். புஜ்ஜியைவிட அதுதான் அவனுக்குப் பெரிய அதிசயமாக இருந்தது போலிருக்கிறது!

கல்லூரியில் படிக்கும் பெரியவள் மட்டும், “பைரவா நம்ம ஊர்ப் பசங்க மாதிரிதான்மா. இங்கே என்ன ஆனா என்ன, நாம பெங்களூர் போயிட்டா போதும்னு நினைக்கிறான்” என்றாள். அப்படிப் போக நினைப்பவர்களில் அவளும் ஒருத்தி. அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

சகோதரிகளே, இந்தத் தொடரைக் குழந்தைகளோடு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு நாம் வேலை பார்க்கப் போனால் சத்தமும் சண்டையும் மட்டும்தான் அவர்களுக்கு மிஞ்சும். கூட உட்கார்ந்தால் கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் நம்மிடம் பதில் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் வீட்டில் எனக்குத் தெரியாத பதில் மாமியாரிடம் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. தொடரைப் பார்த்த சூட்டில் ‘கல்கி’ சினிமாவையும் சின்னக் குழந்தைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்களைச் சோதனைக்கூடத்தில் அடைத்து வதைக்கும் காட்சிகள் அதில் உண்டு. மசக்கையாக இருக்கும் பெண்களும் தவிர்ப்பது நல்லது. பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மறுநாள் காலையில் பையன் பல் தேய்க்கும்போது குழாயை மூடி வைத்துவிட்டுத் தேய்த்தான். நான் சொல்லவில்லை. அவனாகத்தான் செய்தான். பத்து நாள் கழித்து மறந்துவிட்டான் என்பதும் நிஜம்! இப்போதெல்லாம் அவன் குழாயைத் திறந்துவிட்டு நின்றால், நான் திட்டுவதில்லை. “டேய், காசி!” என்று ஒரு குரல் கொடுப்பேன். உடனே மூடிவிடுகிறான்.