கழிவுநீர் குடிநீராகுமா? விண்ட்ஹூக் நகரம் தரும் பாடம்

குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், மலசலகூட நீர் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஓடுகின்றன. அதைச் சுத்திகரித்துக் குடியுங்கள் என்று எவராவது சொன்னால் நாம் முகஞ்சுளிப்போம். அது இயல்பே. ஆயினும் ஆபிரிக்காவின் தென்மேற்கே உள்ள நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் 1968ஆம் ஆண்டு முதல் மக்கள் இவ்வாறு மீட்கப்பட்ட நீரைக் குடித்து வருகின்றனர். சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீர்க் குழாய்களுக்கே திருப்பிய உலகின் முதல் நகரம் இதுவாகும்.

வேறு வழியற்ற நகரம்

விண்ட்ஹூக்கில் ஆண்டுக்குச் சுமார் 360 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. எமது வரண்ட வலயத்தில் கிடைப்பதில் அது பாதிகூட இல்லை. பெய்யும் மழையிலும் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிவிடுகிறது. அணைகளுக்கு நீர் தரும் ஆறுகள் மழைக்காலத்தில் சில நாட்களே ஓடுபவை. ஆண்டு முழுவதும் ஓடும் ஒக்கவாங்கோ ஆறோ ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. நகரம் வளர்ந்தது, நிலத்தடி நீர் போதவில்லை. இந்நிலையில் தவறாமல் நாள்தோறும் கிடைத்த ஒரே நீர், மக்கள் பாவித்துக் கழித்த நீரேயாகும். அதனை மீட்பதற்கு கொரியாங்காப் என்னுமிடத்தில் நிலையம் அமைக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் அங்கே புதிய நிலையம் எழுந்தது. நாளொன்றுக்கு 2 கோடியே 10 இலட்சம் லீற்றர் நீரை மீட்கும் ஆற்றல் அதற்குண்டு. நகரின் குடிநீரில் சுமார் கால்பங்கு இவ்வழியாகக் கிடைக்கிறது.

ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடைகள்

இங்கே மந்திரம் எதுவுமில்லை. முதலாவது விதி, தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு கலக்க விடாமை. தொழிற்சாலைகளின் நீர் வேறு வாய்க்காலில் வேறு நிலையத்துக்குச் செல்கிறது. இரசாயன நஞ்சு உள்ளே புகாமல் காப்பது, புகுந்தபின் அகற்றுவதிலும் எளிதல்லவா?

வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுக்கை முதலில் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. பின்னரே நீர் மீட்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கே ஓசோன் வாயு செலுத்தப்படுகிறது. மிதக்கும் நுண் துகள்கள் இரசாயனப் பொருளால் திரளாக்கப்பட்டு, சிறு காற்றுக் குமிழிகளால் மேலே கொணரப்பட்டு நீக்கப்படுகின்றன. அடுத்து மணல் வடி, மீண்டும் ஓசோன், பின் கரியினால் ஆன வடிகள். இக்கரி, கண்ணுக்குத் தெரியாத சேதனப் பொருட்களைப் பற்றிக்கொள்ளும். இறுதியாக மிக நுண்ணிய துளைகளையுடைய சவ்வுகள் கிருமிகளைத் தடுக்கின்றன. குளோரின் இட்டபின் அணை நீருடன் கலந்தே வீடுகளுக்கு அனுப்பப்படுகிறது.

ஒரு தடையில் தப்பும் கிருமி அடுத்த தடையில் சிக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. நீரின் தரம் இடைவிடாது அளக்கப்படுகிறது. அளவு தவறினால் அந்த நீர் நகருக்கு விடப்படுவதில்லை.

மக்களின் நம்பிக்கை

தொழில்நுட்பம் பாதி, நம்பிக்கை மறுபாதி. அவுஸ்திரேலியாவின் டூவூம்பா நகரிலும் கடும் வரட்சி நிலவியது. அங்கும் இத்தகைய திட்டமொன்று முன்வைக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டில் மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. நூற்றுக்கு 60 பேருக்கு மேல் வேண்டாம் என்றனர். சிங்கப்பூரோ மீட்ட நீருக்குப் புதுப் பெயர் சூட்டி, போத்தல்களில் அடைத்து வழங்கி, நிலையத்தை மக்கள் பார்வையிடத் திறந்துவிட்டு நம்பிக்கையை வளர்த்தது. எதையும் மறைக்காமல் விளக்கினால் மக்கள் கேட்பர். மேலிருந்து திணித்தால் நல்ல நீரும் கசக்கும்.

எமக்குரிய பாடம்

இத்தகைய நிலையத்துக்குத் தடையற்ற மின்சாரமும் ஆய்வுகூடமும் பயிற்றப்பட்ட ஊழியரும் வேண்டும். எமது கிராமங்களுக்கு இது இன்று கைக்கெட்டும் காரியமல்ல. ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை, கிணறுகளே கதி. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழிகளின் நீரும் தோட்டத்து உரமும் நிலத்தடி நீரைச் சேர்கின்றன. அதனால் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மிஞ்சியுள்ளது. அதாவது விண்ட்ஹூக் மக்கள் அறிந்தே, பல தடைகளுக்குப்பின் குடிப்பதை, நாம் அறியாமலே, எந்தத் தடையுமின்றிக் குடிக்கின்றோம்! நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒக்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

ஆகவே நாம் செய்யக்கூடியவை உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் முதற்கடமை. மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு அருகில் வெட்டாதிருத்தல், குழிகளின் அடியையும் சுவரையும் நீர் கசியாது கட்டுதல், உரத்தைப் பயிரின் தேவைக்கு மேல் இடாதிருத்தல், குளித்த நீரை வாழைக்கும் தென்னைக்கும் திருப்பி நல்ல நீரை மிச்சப்படுத்துதல் ஆகியவை அடுத்தவை. கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, ஊர்க் கிணறுகள் யாவற்றையும் ஒரு முறையேனும் சோதிக்க ஒழுங்கு செய்யலாம்.

பாலைநிலத்து நகரமொன்று தான் கழித்த நீரையே காத்துக் குடிக்கிறது. நிலம் தந்த நல்ல நீரைக் காப்பது எமக்கு முடியாததா?