இறுக்க இறுக்க ஒழுகும் அதிசயம்!
கார்புரேட்டரை எவ்வளவு முறுக்கலாம்?

மோட்டார் சைக்கிள் சரியாக ஓடவில்லை. வேகத்தைக் குறைத்தால் "டப், டப்" என்று வெடித்து நின்றுவிடுகிறது. பின்னால் மனைவியும் குழந்தையும் இருக்கிறார்கள். வண்டிக்காரருக்குக் கோபம் வருகிறது. ஸ்பானரை எடுக்கிறார். கார்புரேட்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்குகிறார்.

வண்டி சரியாகிவிட்டதா?

இல்லை. முன்பைவிட மோசமாகிவிட்டது!

என்ன காரணம்? இதோ பார்ப்போம்.

எஞ்சினின் சமையல்காரர்

கார்புரேட்டர்தான் எஞ்சினுக்குச் சமையல்காரர். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து கொடுப்பது அதன் வேலை. 1 கிராம் பெட்ரோல் முழுவதும் எரிய, சுமார் 15 கிராம் காற்று வேண்டும். காற்று கூடினாலும் கெடுதல். குறைந்தாலும் கெடுதல்.

காரில் இந்தக் கலவை, மேனிபோல்டு என்ற குழாய் வழியாக எஞ்சினுக்குள் போகிறது. பழைய புல்லட் மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டர் எஞ்சின் தலையோடு ஒட்டி நிற்கிறது. அதைப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு நட்டுகள். நடுவில் பேக்கிங் இருக்கிறது. எஞ்சின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுக்கத் தடிப்பான ஒரு வில்லையும் இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போது கலவையை உறிஞ்சி இழுக்கிறது. இந்த இடத்தில் முடி அளவு சந்து இருந்தாலும் போதும். வெளிக்காற்று திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிடும். கணக்கு கெட்டுவிடும். எஞ்சின் நிதானமாக ஓடாது. அளவுக்கு மேல் சூடாகும்.

இறுக்கினால் ஏன் ஒழுகுகிறது?

"அப்படியானால் நன்றாக இறுக்குவதுதானே நல்லது?" என்று கேட்பீர்கள்.

இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்!

நட்டும் போல்ட்டும் இரும்பு. கார்புரேட்டரோ துத்தநாகமோ அலுமினியமோ கலந்த மெத்தென்ற உலோகம். இரண்டு ஓரத்திலும் பலமாக இறுக்கினால், ஓரங்கள் எஞ்சின் பக்கம் வளைகின்றன. நடுப்பகுதி பின்வாங்கிவிடுகிறது. கலவை போகும் துவாரம் இருப்பது நடுவில்தான்! அங்கே சந்து விழுகிறது. ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்குகிறார்கள். இன்னும் வளைகிறது.

ஆபத்து இதோடு நிற்கவில்லை. புல்லட்டின் கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஓர் உருளை உண்டு. உடல் கோணினால் அந்த உருளை சிக்கிக்கொள்ளலாம். கைப்பிடியை விட்டாலும் வேகம் குறையாது. ஜனநெருக்கடியான கடைத்தெருவில் இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்!

சரியான முறை என்ன?

முதலில் எஞ்சின் ஆறட்டும். பெட்ரோல் குழாயை மூடுங்கள். அருகே பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது.

பழைய பேக்கிங்கைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துப் புதியது போடுங்கள். தடுப்பு வில்லையை மறக்காதீர்கள்.

இரண்டு நட்டுகளையும் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். பிறகு சிறிய ஸ்பானரால் இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுவதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது. நான்கு போல்ட் உள்ள கார் என்றால் எதிரெதிர் மூலையாக முறுக்க வேண்டும்.

எவ்வளவு பலம்? வண்டியோடு தந்த புத்தகத்தில் உள்ள அளவுதான் சரி. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு சுமார் 1 கிலோகிராம் மீட்டர். 10 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ, அவ்வளவுதான். ஸ்பானரில் குழாயைச் செருகி இழுக்கவே கூடாது.

வளைந்துவிட்டதா?

கார்புரேட்டரைக் கழற்றி, ஒட்டும் முகத்தின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். சிறிய வளைவானால், கனமான கண்ணாடிமேல் மெல்லிய உப்புத்தாளை விரித்து, முகத்தை அதில் தேய்த்துச் சமமாக்கலாம். ஒட்டிய தூள் முழுவதையும் கழுவிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் செய்வது நல்லது.

2020 ஏப்ரல் முதல் நமது நாட்டில் புதிய புகை விதிகள் வந்தன. அதனால் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் கருவி வந்துவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் எத்தனையோ வீடுகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பெட்ரோல் பம்புசெட்டுகளிலும் கார்புரேட்டர் உண்டு.

ஆகவே, ஸ்பானரை எடுக்குமுன் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த வேலைக்கு வேண்டியது புஜபலம் அல்ல. பொறுமை!