பணம் இருக்கிறது, டேக் படிக்கவில்லை: வில்லன் கண்ணாடியா?

2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த விதிப்படி, டோல்கேட்டில் ஃபாஸ்டேக் வேலை செய்யாவிட்டால் ரொக்கத்தில் இரு மடங்கு, யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு: 100 ரூபாய்க்கு 200 அல்லது 125. கொடைரோடு சுங்கச்சாவடி வழியாக மதுரைக்குப் போய்வரும் வாசகர்களின் கேள்வி ஒன்றுதான். கணக்கில் பணம் இருந்தும் டேக் ஏன் சில நேரம் படிப்பதில்லை?

அதிகம் பேசப்படாத காரணம், முன்கண்ணாடி.

டேக்குக்குள் பேட்டரி கிடையாது. மேலே உள்ள ரீடர் 865–867 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் அலையிலேயே சக்தி எடுத்து, அதையே கூட்டிக் குறைத்துத் திருப்பியனுப்பித் தன் எண்ணைச் சொல்கிறது. ஆக, அலை கண்ணாடியை இரண்டு முறை கடந்தாக வேண்டும்.

சாதாரணக் கண்ணாடியில் சிக்கலில்லை. சில விலை உயர்ந்த கார்களில் வெயிலைத் தடுக்க, கண்ணாடிக்குள் சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் வெள்ளிப் படலம் இருக்கும். வெளிச்சத்தை விடும் படலம் ரேடியோ அலையை விடாதா? விடாது. ஒளியின் அதிவேகத் துடிப்புக்கு வெள்ளியின் எலெக்ட்ரான்களால் முழுதாக ஈடுகொடுக்க முடியாது. மீதிப் பிரதிபலிப்பையும் இருபுற ஆக்சைடு பூச்சுகள் அடக்கிவிடுகின்றன. ரேடியோ அலையோ பல லட்சம் மடங்கு நிதானமானது. எலெக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கே ஓடி எதிரலையை எழுப்புகின்றன. வெற்றுவெளியின் அலைத்தடை 377 ஓம். படலத்தின் பரப்புத் தடை 5 ஓம் என்றால், அலையின் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட உள்ளே நுழையாது.

இதற்காகவே உற்பத்தியாளர்கள் பின்பார்வைக் கண்ணாடியை ஒட்டி, படலமில்லாத சிறு இடம் விடுகிறார்கள்; பெரும்பாலும் கறுப்புப் புள்ளிகள் தெரியும். டேக்கை ஒட்ட வேண்டியது அங்கேதான். விற்பவர்கள் இதைச் சொல்கிறார்களா?

டேக்கை ஒட்டாமல் கையில் காட்டுவோரைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதாகக் 2025 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது; வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது அதன் வாதம். ஏமாற்றுவோர் உண்டுதான். ஆனால் ஒட்டியும் படிக்காததால் பிய்த்தெடுத்தவரும் அதே பட்டியலில்தான் சேர்வார். டேக் சரியாக இருந்து, சாவடிக் கருவி படிக்காவிட்டால் கட்டணமின்றி விட வேண்டும் என்கிறது 2018 விதி. கோளாறு கருவியிலா, கண்ணாடியிலா? வரிசையில் ஹாரன் அலறும்போது தீர்ப்பு சாவடி ஊழியர் கையில்.

பச்சைச் சாயல் கண்ணாடி? வெப்பத்தை உறிஞ்சும், அலையை மறிக்காது.

கையில் பிடித்தால்? டேக் கண்ணாடியில் ஒட்டி வேலை செய்யவே வடிவமைக்கப்பட்டது. விரல் பட்டால் அதன் திறன் குறையும்.

வருடாந்திர பாஸ்? அதுவும் அதே டேக்கில்தான். டேக் படிக்காவிட்டால் பாஸும் படிக்காது.