லேட்டானா பரவாயில்லை... ஒரு வார்த்தை சொல்லுங்க!

அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டில் சேலைக்கு முன்பணம் கொடுத்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. “பாவு ஓட்டியாச்சுண்ணே. ஊடை நூல்தான் இன்னும் வரல. நூல் வந்ததும் நானே சொல்லி விடுறேன்” என்பார் நெசவாளர். கல்யாணத் தேதி நெருங்குகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனாலும் கோபம் வராது. சேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டதே!

அதே நெசவாளர் போனை எடுக்கவில்லை என்றால்? இரண்டாம் நாளே வீட்டு வாசலில் போய் நிற்போம்.

தாமதம் ஒரு பிரச்னை. அதைச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய பிரச்னை. இந்தப் பாடத்தைப் படித்துக்காட்டும் ஓர் உதாரணம் இதே விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசியில் இருக்கிறது. அது காமிக்ஸ்!

மாயாவி வந்தாச்சா?

1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984 ஜூலையில் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யுடன் லயன் காமிக்ஸ் வந்தது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிவகாசி பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர். ஆனால் புத்தகம் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கினால்தான் உண்டு. “மாயாவி வந்தாச்சாண்ணே?” என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பி நடந்த தலைமுறை அது.

பிற்பாடு இதழ்கள் சீராக வராத ஆண்டுகளும் இருந்தன. ஆனாலும் வாசகர்கள் விட்டுப் போகவில்லை. ‘இரத்தப் படலம்’ அதற்கு நல்ல சாட்சி. பெல்ஜியத்தில் உருவான இந்தத் தொடரின் நாயகன், தான் யார் என்பதையே மறந்துபோனவன். 1980-களில் தமிழில் அறிமுகமான கதை, துண்டு துண்டாக வெளிவந்தது. 18 பாகங்களும் ஒரே தொகுப்பாகக் கைக்கு வந்தது 2010-ல்தான். நாயகன் தன்னைத் தேடிய காலத்தில், பள்ளிக்கூடப் பையனாகப் படிக்கத் தொடங்கியவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்களாகிவிட்டார்கள்.

2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 100 ரூபாய் விலையில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. பிறகு ஆண்டுச் சந்தா முறையும் வந்தது. முன்கூட்டியே பணம் வாங்கினால் பொறுப்பும் கூடுமல்லவா? இதழில் ‘ஹாட்லைன்’ பக்கத்தில் எழுதிவந்த ஆசிரியர் எஸ்.விஜயன், இணையத்திலும் வாசகர்களோடு நேரடியாகப் பேசினார். அடுத்து என்ன வருகிறது, எந்த வேலை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அதில் உண்டு. வாசகர்களும் அங்கேயே பாராட்டினார்கள், சண்டையும் போட்டார்கள்.

ஏன் தாமதமாகிறது?

ஒரு புத்தகமோ விளையாட்டுப் பெட்டியோ தயாராகப் பல கைகள் சேர வேண்டும். வெளிநாட்டுக் கதை என்றால் உரிமை ஒப்பந்தம், மொழிபெயர்ப்பு, எழுத்துக் கோப்பு, அச்சு, பைண்டிங் என்று சங்கிலி நீளும். ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் நிற்கும். சிவகாசியில் ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும் அச்சகங்கள் பரபரப்பாகிவிடும். வருடக் கடைசி வரை காலண்டர், டைரி வேலைதான்.

உலகம் முழுக்க இதே கதை

தாயமும் ஆடு புலி ஆட்டமும் நமக்குக் காத்திருப்பே வைக்கவில்லை. கரித்துண்டால் கோடு கிழித்து, புளியங்கொட்டையை வைத்தால் ஆட்டம் தயார். இன்றைய மேசை விளையாட்டுகள் அப்படியில்லை. அட்டைகள், பொம்மைகள், தடிமனான விதிப் புத்தகம் என்று பெரிய பெட்டியாக வருகின்றன. பல நிறுவனங்கள் ‘கிக்ஸ்டார்ட்டர்’ போன்ற தளங்களில் ரசிகர்களிடம் முதலில் பணம் திரட்டி, பிறகுதான் தயாரிக்கின்றன.

2020-ல் ‘ஃப்ராஸ்ட்ஹேவன்’ என்ற விளையாட்டுக்கு 83,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 1.3 கோடி டாலர் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் தருவதாகத் திட்டம். அது கொரோனா காலம். கப்பல் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியது. 2022 கடைசியில்தான் பெட்டிகள் வீடு சேரத் தொடங்கின. ஒன்றரை வருடத்துக்கும் மேலான தாமதம்! ஆனால் வடிவமைப்பாளர் ஐசக் சில்ட்ரெஸும் அவர் குழுவும் வேலையின் நிலவரத்தைத் தொடர்ந்து எழுதிவந்தார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஆனாலும் பெட்டி வந்து சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2012-ல் ‘தி டூம் தட் கேம் டு அட்லான்டிக் சிட்டி’ என்ற விளையாட்டுக்கு 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். வேலை நடக்கிறது என்றே ரசிகர்களுக்குச் செய்தி போனது. 2013-ல் திட்டமே கைவிடப்பட்டது. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி வீட்டு வாடகை போன்ற சொந்தச் செலவுக்குப் போனது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2015-ல் சமரசத்தில் முடிந்த அந்த வழக்கு, ரசிகர்களிடம் நிதி திரட்டும் முறை குறித்து அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை. விளையாட்டை வேறொரு நிறுவனம் தயாரித்து, பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்பிவைத்தது.

இரண்டுமே தாமதம்தான். ஒன்றில் உண்மை நிலவரம் வந்தது. இன்னொன்றில் பொய்யான ஆறுதல் வந்தது.

முன்பணம் கட்டும் முன்...

* இதற்கு முன் சொன்ன தேதிக்குக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தாமதமான நேரத்தில் அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பது அதைவிட முக்கியம்.

* ‘சீக்கிரம் வரும்’ என்பது பதில் அல்ல. ‘அச்சு முடிந்தது, பைண்டிங் பாக்கி’ என்பதுதான் பதில்.

* நிதி திரட்டும் தளத்தில் பணம் கொடுப்பது, கடையில் பொருள் வாங்குவது போல அல்ல. போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள்.

* ரசீது, அறிவிப்பு, பேசிய விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்தியாவில் வாங்கிய பொருளில் ஏமாற்றப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

வியாபாரம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெட்ட செய்தியை, வாடிக்கையாளர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் சுடிதார் விற்கும் தங்கைக்கும், வீட்டில் பலகாரம் போட்டுக் கொடுக்கும் அக்காவுக்கும் இது பொருந்தும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை விரிந்து கிடக்கும் மானாவாரிக் காட்டில், விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பது சம்சாரிகளுக்குப் புதிதில்லை. மழை தேதி சொல்லிவிட்டு வருவதில்லை, வராவிட்டால் காரணமும் சொல்வதில்லை. மழைக்கு வாய் இல்லை, மன்னித்துவிடலாம். மனுஷனுக்கு வாய் இருக்கிறதே!